கேட் லேப்டாப்பும் பெலிக்ஸ் வண்டியும்

கன்டெய்னர் யார்டு கேட்டில் உட்காருகிறவனுக்கு எழுதுவதற்காகச் சம்பளம் தருவதில்லை. திட்டு வாங்குவதற்காகத் தருகிறார்கள்.

வரிசையில் நின்று, "சிஸ்டம் ஸ்லோ" என்ற பதிலைக் கேட்டு வயிறெரிந்தவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். பேங்கில் கேட்டிருப்பீர்கள், ரேஷன் கடையில் கேட்டிருப்பீர்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதையே சொன்னவன். என்னையும் உங்களில் ஒருத்தனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு ஒரு நாள் வேதனை, இந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தினமும்.

நான் திருவொற்றியூர்க்காரன். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஹார்பரில் கப்பல் மேல் கன்டெய்னர் பெட்டிகளைக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை பார்த்தேன். முதுகு போன பிறகு எண்ணூர் ரோட்டில், அதே பெட்டிகளை அடுக்கி வைக்கிற ஒரு தனியார் யார்டில் கேட்டுக்கு வந்தேன். பெட்டி நம்பர், வண்டி நம்பர் அடிப்பதை அங்கேதான் இரண்டு விரலால் கற்றுக்கொண்டேன். என்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால், சொன்ன வார்த்தையை அப்படியே ஞாபகம் வைத்திருப்பேன். என் மனைவி இதை வியாதி என்பாள். இருக்கட்டும். அந்த வியாதி இருப்பதால்தான் இதை எழுத முடிகிறது.

கேட்டில் இருந்த ஒரு பழைய லேப்டாப்பால் பெலிக்ஸ் என்கிற டிரைவர் தன் வண்டியை இழந்தான். அது எப்படி என்று கீழே துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

புது டிரைவ்

அந்த லேப்டாப் கேட்டுக்கு வந்தபோதே பழசு. ஆபீஸில் யாரோ வைத்திருந்து, சலித்துப்போய் எங்களுக்குத் தள்ளியது. காலையில் ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். அப்புறம் சிஸ்டம்காரர் வந்தார். அம்பத்தூரிலிருந்து பைக்கில் வருகிற இளைஞர். லேப்டாப் வயிற்றைத் திறந்து, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுற்றாத ஒன்றை வைத்தார். எஸ்.எஸ்.டி. என்றார். சிகரெட் பாக்கெட் மாதிரி இருந்தது, கையில் எடையே தெரியவில்லை. பட்டனை அழுத்தினேன். முதல் பெஞ்சுப் பையன் மாதிரி உடனே பதில் சொன்னது.

அன்றைக்கு முதலில் வந்தது பெலிக்ஸ் வண்டி. ராயபுரத்துக்காரன். கண்ணாடியில் ஜெபமாலை, டேஷ்போர்டில் மாதா படம். தண்டையார்பேட்டையில் ஒரு முதலாளியின் டிரெய்லர் லாரியை ஓட்டுகிறான், பல வருஷமாக அதே வண்டி. இந்தத் தொழிலில் அது பெரிய விஷயம். தனக்கென்று வண்டி இருக்கிறவனுக்கு மாதம் முழுக்க வேலை. இல்லாதவன் ஆக்டிங் டிரைவர். வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவனுக்குச் சோறு. பெலிக்ஸ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டி கேபினில் ஏறுவான். கிளீனர் கூடக் கால் கழுவ வேண்டும். நம்பரை அடித்து, கேட்டைத் தாண்டுவதற்கான ஸ்லிப்பை நீட்டினேன். கையில் டீ கிளாஸோடு நின்றவன் சொன்னான்:

"இன்னா நைனா, டீய ஊதிகினு கீறேன், அதுக்குள்ள ஸ்லிப்ப நீட்ற. மன்சன் ஒண்ணுக்குப் போறதுக்காவது டைம் குடு."

மூன்று ஃபோல்டர்

பெட்டி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் சுற்றிப் படம் எடுக்க வேண்டும். கதவு, பக்கத் தகடு, சீல், நசுங்கல், கீறல் எல்லாம். நாளைக்கு எவனாவது ஒரு நசுங்கலைக் காட்டிச் சண்டைக்கு வந்தால், வரும்போதே இப்படித்தான் இருந்தது என்று காட்டலாம். யார்டு போனில் எடுத்து, லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, போனில் அழித்துவிட வேண்டும். போனில் படம் தங்கக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு.

ஒரு தடவை ஒரு நசுங்கலின் படம் காணாமல் போயிற்று. அடுத்த ஷிப்ட் சேகர், அது என் ஷிப்ட் என்றான். நான் அவன் ஷிப்ட் என்றேன். மேனேஜர் இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தார். அதிலிருந்து நான் என் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு, என் படங்களை நேராக அதிலேயே ஏற்றி, சேகர் படங்களையும் அதில் நகல் எடுத்து வைத்தேன். சேகர் அதைப் பார்த்துவிட்டு அவன் பெயரில் ஒன்று போட்டான். எங்கள் இரண்டு பேரையும் நம்பாத மேனேஜர் அவர் பெயரில் ஒன்று. எல்லாம் அதே லேப்டாப்பில்தான். ஒரே நசுங்கல் மூன்று இடத்தில் கிடந்தது. யாரும் எதையும் அழிப்பதில்லை. எந்தக் கை ஒரு படத்தை அழிக்கிறதோ அந்தக் கைதான் அந்த நசுங்கலுக்குப் பொறுப்பு என்பது கேட்டில் எழுதாத சட்டம். டிரைவில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. சேகர் ஒரு நாள் ஷிப்ட் மாறும்போது சொன்னான்:

"அண்ணே, நீ என்னிய நம்பல, நான் உன்னிய நம்பல, சாரு நம்ம ரெண்டு பேரையும் நம்பல. இந்த லேப்டாப்பு ஒண்ணுதான் எல்லாரையும் நம்பிகினு கீது."

சுற்றுகிற வட்டம்

வேகம் ஒரே நாளில் போகவில்லை. போயிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். முதலில் படம் ஏறக் கொஞ்சம் தாமதம். பிறகு ஸ்லிப் வரத் தாமதம். அப்புறம் பெட்டி நம்பரை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. எழுத்துகள் நடந்து வருகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தன. நடுவில் ஒரு வட்டம் சுற்றும். கேட்டுத் தகர கேபின், மத்தியான வெயில், அத்திப்பட்டு அனல் மின் நிலையத்திலிருந்து வருகிற சாம்பல். லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். டேபிள் ஃபேனை எனக்கு வைக்காமல் அதற்கு வைத்தேன்.

அந்த நாட்களில் ஒரு டிரைவர். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியூர்க்காரர். ஜன்னலுக்கு வந்து, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பெட்டியை இறக்கிவிட்டால் பஸ் ஏறிவிடுவேன் என்றார். டிரெய்லரை வரிசையில் விட்டுவிட்டுப் போக முடியாது, முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. அவர் பேப்பரை முன்னால் எடுத்து அடித்தேன். வட்டம் சுற்றியது. நிறுத்தி மறுபடி ஆன் செய்தேன். திரும்பவும் வட்டம். அவர் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசினார். திரும்பி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"நிதானமாப் போடுங்க சார். இனிமே அவசரம் இல்ல."

மாதா கோவில் தண்ணீர்

ஆயுத பூஜைக்குச் சேகர் லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். விபூதியைக் குழைத்துப் பட்டை அடித்ததில், காற்று போகிற ஓட்டை பாதி அடைத்துக்கொண்டது. ஈர்க்குச்சி வைத்துக் குடைந்து எடுத்தேன். அது போதாதென்று பெலிக்ஸ் அடுத்த வாரம் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தான். வேளாங்கண்ணியிலிருந்து அவன் மாமியார் கொண்டுவந்த தண்ணீராம். வரிசையில் நின்று நின்று அவனுக்கு ஒரு டிரிப் போய்விட்டது. தினமும் அதிகம் கத்துகிறவன் அவன்தான். தன் வண்டி சும்மா நிற்பதை அவனால் பார்க்க முடியாது. மூடியைத் திறந்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டினான். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, கரண்டு சாமான்டா, எடு கையை என்று கத்தினேன்.

"மாதா தண்ணி நைனா, ஷாக்கு அடிக்காது. அட்ச்சாலும் உன்க்கு நல்லதுக்குத்தான் அடிக்கும்."

மேனேஜர் கை

தாமதத்துக்குக் காரணம் என் விரல்தான் என்று மேனேஜர் ஆபீஸில் சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வந்தது. என் காதுக்கு வராமல் எதுவும் போகாது. ஒரு மத்தியானம் அவரே கேட்டுக்கு வந்தார். எழுந்திருங்க பெரியவரே, எப்படி அடிக்கணும்னு காட்டறேன் என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து விரலாலும் அடித்தார். வட்டம் சுற்றியது. ஏ.சி. ரூமிலிருந்து வந்தவர், சட்டைக் காலர் நனைந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெலிக்ஸ், இந்த ஆளுக்கு நம்ம நைனாவே தேவலாம் போலகீதே என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். ஒரே ஒரு வண்டிக்கு ஸ்லிப் போட்டுவிட்டு மேனேஜர் எழுந்தார். லேப்டாப்பைக் குறை சொல்லியிருந்தால் நான் அன்றோடு அவரை மன்னித்திருப்பேன்.

"நீங்க உட்கார்ந்து உட்கார்ந்து இதுக்கும் உங்க பழக்கம் வந்துடுச்சு, பெரியவரே."

ஓட்டை

மழை தொடங்கிய நேரம். வரிசை கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரை போய்விட்டது. டிராஃபிக் போலீஸ்காரர் வந்து திட்டிவிட்டுப் போனார். பெலிக்ஸ் வண்டியில் காகித ரோல் ஏற்றிய பெட்டி. கும்மிடிப்பூண்டி கோடவுனுக்குப் போக வேண்டும். பக்கத் தகட்டில், கீழ்ப் பக்கமாக ஒரு ஓட்டை. சரக்கு தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பல் குத்தியது. ஹார்பரில் குத்தியதா, எங்கள் யார்டிலேயே குத்தியதா, எனக்குத் தெரியாது. பெட்டி பெலிக்ஸ் வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே குத்தியது, அது தெரியும். அவன்தான் அதைக் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டான். நான் மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். டேப் ஒட்டச் சொன்னார். நான் சில படங்கள் எடுத்து என் ஃபோல்டரில் ஏற்றினேன். திரையில் திறந்து பார்த்தேன். ஓட்டை தெளிவாகத் தெரிந்தது. உத்தரவுப்படி போனில் அழித்துவிட்டேன்.

ஓட்டை இருக்கிறது என்று ஸ்லிப்பில் வர வேண்டுமானால் லேப்டாப்பில் இன்னொரு பக்கத்தைத் திறக்க வேண்டும். அந்தப் பக்கம் திறப்பதற்குள் இன்னும் வரிசை கூடிவிடும். எழுதணும் சார் என்றேன். மேனேஜர் ரோட்டைக் காட்டினார். படம் இருக்கே, ஸ்லிப்பைச் சாதாரணமா போட்டு அனுப்புங்க என்றார். அதோடு விடவில்லை. ஓட்டை விவகாரம் அல்லவா, அவர் ஃபோல்டரிலும் அந்தப் படம் இருக்க வேண்டும் என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து நகல் போட்டார். பாதியில் லேப்டாப் நின்றுவிட்டது. வெளியே எல்லா வண்டியும் ஹாரன் அடித்தது. மேனேஜர் பொறுமை போய்ப் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தார். மறுபடி ஆன் செய்து, அவர் ஃபோல்டரில் படத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. போய்விட்டார். நான் ஸ்லிப் எடுப்பதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. ஓட்டைன்னு எழுதிடட்டுமா, இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று பெலிக்ஸிடம் கேட்டேன்.

"போட்டோ கீதுல்ல நைனா, அது போதும். ஸ்லிப்பக் குடு, பெரிய மழ வர்றதுக்குள்ள போய்க்கிறேன்."

காலி இடம்

போலீஸ்காரர் யார்டு முதலாளி வரைக்கும் சொல்லிவிட்டார் போல. இரண்டொரு நாளில் சிஸ்டம்காரர் வந்தார். டிரைவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மூச்சுவிட இடம் இல்லைங்கய்யா என்றார். எனக்குப் புரிகிற மாதிரி யார்டை வைத்தே சொன்னார். யார்டு முழுக்கப் பெட்டி அடுக்கியிருந்தால், அடியில் இருக்கிற ஒரு பெட்டியை எடுக்க மேலே உள்ளதை எல்லாம் இறக்கி வைக்க வேண்டும். இறக்கி வைக்கக் காலி இடம் இருந்தால் உடனே முடியும். இல்லையென்றால் ஒன்றை நகர்த்த, இன்னொன்றை நகர்த்த, அதற்காக வேறொன்றை நகர்த்த வேண்டும். இந்த டிரைவும் அப்படித்தானாம். எழுதுவதற்கு முன்னால் இடத்தைக் காலி செய்யும். காலி செய்ய இடம் இல்லாமல் உள்ளேயே பெட்டியை மாற்றி மாற்றி வைத்து, களைத்து, தேய்ந்துபோயிருக்கிறது. கிரேன் ஆபரேட்டரிடம் சொன்னால் அவனும் தலையாட்டியிருப்பான்.

மூன்று ஃபோல்டரிலும் ஒரே படங்கள் இருப்பதை அவர் பார்த்தார். பெயர் ஒன்று, அளவு ஒன்று. மேனேஜர் ஃபோல்டரில் தேதி புதுசு, அதனால் அதுதான் முழுசாக இருக்கும் என்றார். மற்ற இரண்டையும் அழிக்கலாமா என்று கேட்டார். மேனேஜர் சரி என்றார். என் ஃபோல்டர் இருக்கட்டும் சார் என்றேன். எனக்கு ஏதோ தெரிந்து சொல்லவில்லை, மேனேஜரை நம்பாமல்தான் சொன்னேன். ஒருவரும் ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"ஒரு ஓட்டைக்கு எத்தனை படம் வேணும் பெரியவரே?"

நல்ல நாட்கள்

லேப்டாப் பழையபடி ஓடியது. நம்பரை அடித்தால் ஸ்லிப். வரிசை கேட்டுக்குள்ளேயே முடிந்தது. சேகர் செய்தித்தாள் படித்தான். மேனேஜர் அந்தப் பக்கம் வரவே இல்லை, அதுவே பாதி சுகம். பெலிக்ஸ் ஒரே நாளில் இரண்டு டிரிப் போனான். சிஸ்டம்காரர் இன்னொரு வேலையாக வந்திருந்தபோது பெலிக்ஸ் டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான்.

"அந்தக் கைய இப்டிக் காட்டு தம்பி, முத்தம் குட்த்துட்டுப் போறேன்."

பாதிப் படம்

கோடவுனில் சில நாள் கழித்து அந்தப் பெட்டியைத் திறந்தபோது கீழ் வரிசை ரோல் எல்லாம் ஊறிப்போயிருந்ததாம். நாங்கள் ஒட்டிய டேப் மழையில் எங்கோ போய்விட்டது. டிரைவர் வழியில் எதிலோ இடித்துவிட்டார் என்று கோடவுன்காரர்கள் எழுதிவிட்டார்கள். எங்கள் ஸ்லிப்பில் ஓட்டை இல்லை. வண்டி முதலாளி பெலிக்ஸை அழைத்துக்கொண்டு யார்டுக்கே வந்துவிட்டார். யார்டு போட்டோவில் ஓட்டை இருந்தா வண்டி உனக்கு, இல்லாட்டி இறங்கிடு என்று வழியிலேயே சொல்லிக்கொண்டு வந்தாராம். பெலிக்ஸ் பயப்படவில்லை. எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரித்தான்.

மேனேஜர் ஃபோல்டரில் பெட்டி நம்பரைத் தேடினேன். உடனே வந்தது. அவ்வளவு வேகம். திறந்தேன். மேல் பாதியில் மேகம், பெட்டியின் மேல் விளிம்பு, நம்பர், எல்லாம் சுத்தமாக இருந்தன. கீழ்ப் பாதி ஒரே சாம்பல் நிறம். மேனேஜர் பட்டனை அழுத்திப் பிடித்தபோது நகர்ந்துகொண்டிருந்த படங்கள் பாதியோடு நின்றிருக்கின்றன. பெயரும் அளவும் மட்டும் முழுசாக உட்கார்ந்துகொண்டன. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாம் அப்படியே. வண்டி முதலாளி என்னைப் பார்த்தார். பெலிக்ஸ் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரை மேல் விரலை வைத்தான்.

"இங்க தான் கீது நைனா. இந்தச் சாம்பலுக்குப் பின்னாடி தான் கீது."

மீட்டல்

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பழைய ஹார்டு டிஸ்க் இருந்தபோது சேகர் ஒரு தடவை ஒரு வாரப் படத்தைத் தவறி அழித்துவிட்டான். அப்போது இதே சிஸ்டம்காரர் ஏதோ ஒரு புரோகிராமை ஓட்டி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். அதே மாதிரி என் ஃபோல்டரையும் கொண்டுவந்துவிடலாம் என்று போன் போட்டேன். வந்தார். அவர் முகத்தில் பஜ்ஜி சாப்பிட்ட அன்றைக்கு இருந்த சிரிப்பு இல்லை. மத்தியானம் தொடங்கி, லைட் போடுகிற நேரம் வரை முயற்சி செய்தார். பெலிக்ஸ் கேபின் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் சொன்னார், பழைய டிஸ்க்கில் அழித்தால் பெயர்ப் பலகையை எடுத்த மாதிரி, சாமான் உள்ளேயே கிடக்கும். இதில் அழித்தால், அடுத்த பெட்டி உடனே வந்து உட்கார வேண்டும் என்பதற்காக டிரைவே அந்த இடத்தைக் கழுவிவிடும். ஒரு துளிகூட மிச்சம் இல்லையா என்று கேட்டேன்.

"அழிச்சதை எல்லாம் வெச்சுக்கிட்டு இருந்தா அது எப்படிங்கய்யா வேகமா ஓடும்?"

சாட்சி

மறுநாள் வண்டி முதலாளி மறுபடி வந்தபோது நான் கேபினை விட்டு வெளியே வந்தேன். ஓட்டையை நான் பார்த்தேன், ஓட்டை யார்டுக்குள்ளேயே இருந்தது, மேனேஜர் சார் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார் என்று மேனேஜர் முன்னாலேயே சொன்னேன். மேனேஜர் அந்த விரலால் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தினமும் எவ்வளவோ பெட்டி பார்க்கிறேன், எனக்கு ஞாபகம் இல்லை என்றார். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அவர் மறந்திருக்கலாம் என்று சேகர் இன்றைக்கும் சொல்கிறான். நான் அப்படி நினைக்கவில்லை, இனிமேலும் நினைக்க மாட்டேன். வண்டி முதலாளி நல்ல மனுஷர்தான். அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறார். அவர் என்னிடம் சொன்னது:

"நீ பாத்தது உன்னோட. கோடவுன்காரனுக்கு நான் எதைக் காட்டட்டும், உன் கண்ணை நோண்டியா?"

ஆக்டிங்

பெலிக்ஸ் சாவியை எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே கொடுத்தான். கேபினில் ஏறி ஜெபமாலையைக் கழற்றினான். மாதா படம் பசையோடு ஒட்டியிருந்தது. நகத்தால் கிளறி எடுத்ததில் ஓரம் கிழிந்துவிட்டது. இறங்கும்போது செருப்பைப் போட மறந்து கொஞ்ச தூரம் வெறுங்காலில் நடந்து, திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

இப்போது ஆக்டிங். எப்போதாவது, யாருடைய வண்டியிலாவது வருவான். செருப்போடு ஏறுகிறான், செருப்போடு இறங்குகிறான். கேட்டிலும் நிறைய மாறிவிட்டது. டிரைவர்கள் எல்லோரும் அவரவர் போனில் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்த பிறகுதான் ஸ்லிப்பைத் தொடுகிறார்கள். இனிமேல் எந்தப் படத்துக்கும் இரண்டு நகல் கூடுதலாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார். அதே லேப்டாப்பில்தான். வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டது. போன வாரம் பெலிக்ஸ் வேறொருவன் வண்டியில் வந்து வரிசையில் நின்றான். முன்பு என்றால் அந்த நேரத்துக்குள் நான்கு தடவை ஜன்னலைத் தட்டியிருப்பான். நானே எட்டிப் பார்த்து, இதோ ஆச்சு பெலிக்ஸு, சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ என்றேன். அவன் டயர் ஓரமாக உட்கார்ந்தபடியே கையை அசைத்தான்.

"மெதுவாவே போடு நைனா. எனுக்கு இன்னா அவசரம், இது இன்னா என் வண்டியா?"

கூட்டாளிகளே, லேப்டாப் மெதுவாக ஓடினால் தட்டுங்கள், திட்டுங்கள், ஃபேன் வையுங்கள். ஒரு நாள் திடீரென்று வேகமாக ஓடினால் மட்டும், உங்களுடைய எதைக் கழுவிவிட்டு அது ஓடுகிறது என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.